ஐந்து அடித்தால் ஏழு மணி

முதலில் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்கள், 'இந்தம்மா மன்னிப்பு கேட்காத வாரம் எது?' என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த வாரம் காரணம் கொஞ்சம் பெரிது. பத்தாவது வரைக்கும் படித்த ஒருத்தி, இங்கிலீஷ்காரர்கள் செய்த ஆளுயரக் கடிகாரத்தைப் பற்றி எழுதப்போகிறேன். இங்கிலாந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேற்கே கை காட்டுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடை. அதன் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல். அதுதான் என் கடை. வாட்ச்சுக்கு பேட்டரி போடுவேன், ஸ்ட்ராப் மாற்றுவேன். அதற்கு முன்னால் வெளியூரில் ஒரு வாட்ச் கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தேன். என்ன வேலை தெரியுமா? நொடி முள் வைக்கிற வேலை. மணி முள்ளை ஒருத்தி வைப்பாள். நிமிஷ முள்ளை இன்னொருத்தி வைப்பாள். கடைசி முள் என்னுடையது. பதினெட்டு வருஷத்தில் ஒரு முழு வாட்ச்சை நான் செய்ததே இல்லை!

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கு வந்தேன். அம்மா போய்விட்டார். நான் இருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டெல்லா என்கிற பெண் என் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். சென்னையில் வேலை. அப்பா வெள்ளிமலையில் தனியாக இருக்கிறார், கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, வீட்டில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது, வாரம் ஒருமுறை சாவி கொடுக்க ஆள் வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்நியர் வீட்டுக்குப் போவது எனக்கு அவ்வளவு கஷ்டம். ஆனால் மாட்டேன் என்று சொல்ல அதைவிடக் கூச்சம். சரி என்றுவிட்டேன்.

என் வாழ்க்கையில் கூச்சத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அந்தக் கடிகாரத்தை முதன்முதலில் பார்த்தபோது யாரோ சுவரோரமாக நிற்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனேன். என்னைவிட ஒரு முழம் உயரம். ஓக் மரப் பெட்டி. பித்தளை முகம். முகத்துக்கு மேலே இருக்கும் மரக்கூட்டை முன்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவில் சக்கரங்கள். தகடுகளைத் தாங்குகிற சின்னச் சின்னத் தூண்களைக் கடைந்திருக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே... கூட்டைக் கழற்றாமல் அதை யாரும் பார்க்க முடியாது. யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு அவ்வளவு அழகு? கம்பெனியில் இப்படிச் செய்தால் சூப்பர்வைசர் திட்டுவார்.

முகத்தின் பின்புறத்தில் ஊசியால் கீறியது போல ஐந்தாறு பெயர்கள், வருஷங்கள். காலாகாலமாக ரிப்பேர் செய்தவர்கள் போட்டுவைத்த கையெழுத்து. இங்கிலீஷ் எழுத்துதான் என்றாலும் ஒன்றுகூட எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

முன்னொரு காலத்தில் மலையில் வைத்தியம் பார்த்த ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா, ஊருக்குத் திரும்பும்போது தன்னிடம் வேலை பார்த்த நர்ஸ் லூர்துவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கடிகாரமாம் அது. லூர்து அம்மா இப்போது இல்லை. அவருடைய கணவர்தான் நான் சொல்கிற சவரிமுத்து சார். உளுந்தூர்பேட்டையிலும் கள்ளக்குறிச்சியிலும் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை மதியத்தோடு பெட்டியை மூடிவிட்டு மலை பஸ் ஏறுவேன். இரண்டரைக்குப் போய்ச் சேருவேன். சாவி கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் திரும்புகிற பஸ் ஐந்தரைக்குத்தான். ஆகவே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்... உண்மையைச் சொல்லட்டுமா? அந்த வாரத்தில் நான் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசுவது அந்த மூன்று மணி நேரம்தான்.

பேசுவது என்றால் அவர் பேசுவார். நான் 'ம்' கொட்டுவேன்.

"இன்னாம்மா மல்லிகா, தலைய ஆட்டிக்கினு ஒக்காந்துக்கீறியா? எனக்குக் கண்ணு தெரியாது. வாயத் தொறந்து ஆட்டு" என்பார்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

அந்தக் கடிகாரம் மணி தப்பாக அடிக்கும். முள் மூன்றில் நிற்கும், ஒன்று அடிக்கும். நான்குக்கு இரண்டு. ஐந்துக்கு மூன்று. எப்போதும் இரண்டு குறைவு. இந்த வகை ரொம்பப் பழசு. முள்ளுக்கு ஒரு எடை, மணிக்கு ஒரு எடை, இரண்டுக்கும் தனித்தனிச் சாவித் துளை. மணி அடிக்கிற பக்கத்தில் ஒரு சக்கரம், அதன் விளிம்பில் வெட்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது பாட்டுக்கு வரிசையாக அடித்துக்கொண்டே போகும். முள் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது! மணிப் பக்கத்துக்கு மட்டும் சாவி கொடுக்க மறந்தால், அது சாவி கிடைக்கிறவரை தூங்கிவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். பின்னால் வந்தவர்கள் இந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள் என்று கேள்வி.

லூர்து அம்மா தவறிய வாரத்தில் யாரோ ஒரு பக்கம் மட்டும் சாவி கொடுத்திருக்க வேண்டும்; மணிப் பக்கம் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிட்டது. யார் கவனிப்பார்கள்?

இதைச் சரிசெய்வது சுலபம். ஆனால் இரண்டு வருஷமாக நான் தொடவில்லை. 'சார், மணி தப்பா அடிக்குதே, சரி பண்ணட்டுமா?' ஒரு வரிதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாக்கு நுனி வரைக்கும் வரும். அப்படியே பஸ் ஏறிவிடுவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாருக்குச் சமைத்துக் கொடுக்கிற பக்கத்து வீட்டுப் பூங்கொடி சொன்னாள்: "மல்லிகாக்கா, இன்னைக்கி சாருக்குப் பொறந்தநாளு. கோயிலுக்கு இட்டுக்கினு போறேன். வர ஆறு மணி ஆவும். நீ சாவி குடுத்துட்டு கதவச் சாத்திக்கினு போ."

பிறந்தநாள்! நான் வெறும் கையோடு வந்திருக்கிறேன். கடிகாரம் ஐந்து மணிக்கு மூன்று அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மரக்கூட்டை இழுத்தேன். சத்தம் வராமல் இருக்க சுத்தியலைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு, மணிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற தடுப்பை விரலால் தூக்கி, நான்கையும் ஐந்தையும் ஓடவிட்டேன். அடுத்தது ஆறு. ஆறுக்கு ஆறு அடிக்கும். 'அட, யாரு சரி பண்ணது?' என்று சார் கேட்பார். 'மல்லிகாக்காதான் வந்துச்சு' என்று பூங்கொடி சொல்வாள். அந்த ஒரு வரிக்காகத்தான் செய்தேன். பஸ்ஸில் கீழே இறங்கும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனால் வாசலில் ஒரு வாடகை கார். பூங்கொடி ஓடிவந்தாள்.

"உனக்கு ஒண்ணியும் தெரியாதா? சார் பொழச்சதே பெரிசுக்கா!"

"இன்னா ஆச்சு?"

"நீ வந்துட்டுப் போனியே, அதுக்கு மறுநா காலைல. ஏழரைக்கு இட்லி எடுத்துக்கினு வரேன்... நாற்காலில சாஞ்சிக்கினு கெடக்கறாரு. சட்டையெல்லாம் தண்ணி ஊத்துனாப்ல வேர்வ. பேச்சு கொழறுது. சக்கரத் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடுத்து, ஜீப் புடிச்சி கீழ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனோம். சக்கர வியாதிக்குப் போடுவாரே ஊசி, அத்த அஞ்சு மணிக்கே போட்டுக்கினாராம். வெறும் வயித்தோட ரெண்டரை மணி நேரம்!"

"ஏன் அஞ்சு மணிக்கு?"

"மறதிக்கா. மொத நா ராத்திரியே ஒரு மாதிரிதான். ஏழரைக்குச் சோறு எடுத்தாந்தா, 'இன்னா பூங்கொடி, ஒம்பதரைக்கு சோறு போடற?'ன்னாரு. தமாசு பண்றாருன்னு நெனச்சிக்கினு வந்துட்டேன். ஸ்டெல்லாம்மா இன்னைக்கே மெட்ராஸுக்கு இட்டுக்கினு போறாங்க. மறதிக்காரங்கள பாத்துக்கற எடமாம். வூட்டப் பூட்டிட வேண்டியதுதான்."

ஹாலில் இரண்டு சூட்கேஸ். ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தார். சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா மல்லிகா" என்றுகூடக் கூப்பிடவில்லை. ஒரே வாரத்தில் சட்டை இரண்டு சைஸ் பெரிதாகிவிட்டது போல இருந்தார்.

நான் சுவரோரமாக நின்றேன். கடிகாரமும் நானும்.

நான்கு மணி ஆயிற்று. கடிகாரம் நான்கு அடித்தது.

"ஆறு" என்றார் சார். உடனே தலையை அசைத்துக்கொண்டார். "இல்ல... நாலு. நாலு அடிச்சா நாலுதான். இல்ல ஸ்டெல்லா?"

வாய்ப்பாடு ஒப்பிக்கிற குழந்தை மாதிரி கேட்டார்.

ஸ்டெல்லா என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "பாத்தீங்களாக்கா? ஆஸ்பத்திரிலயும் இப்படித்தான். 'அஞ்சு அடிச்சா ஏழு மணிதானே டாக்டர்'ன்னு சண்டை. எங்க வூட்டுக் கடிகாரம் ரெண்டு கம்மியாத்தான் அடிக்கும்னு சாதிக்கிறாரு. நானே வந்து போனை வெச்சுக்கினு நின்னு கேட்டேன். கரெக்டா அடிக்குது. அதச் சொன்னதுலேர்ந்து அப்பா இப்படி ஒடிஞ்சு போயிட்டாரு. 'எனக்குத்தான் மூள கெட்டுடுச்சு போல'ன்னு அவரே சொல்றாரு."



அவர் அந்தத் தப்பைத் தெரிந்துவைத்திருந்தார். முள்ளைப் பார்க்கக் கண் இல்லாதவர், ஒவ்வொரு அடியையும் எண்ணி, இரண்டைக் கூட்டி, அதை வைத்துத்தான் எழுந்தார், குளித்தார், ஊசி போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்டோம்? நான்தான் அவர் கடிகாரத்தை அவருக்குத் தெரியாமல் மாற்றிவைத்தவள்.

இப்போது நான் வாயைத் திறக்காவிட்டால்? ஒருவருக்கும் தெரியாது. கார் கிளம்பிவிடும். வாயைத் திறந்தால்? அந்த வீட்டு வாசல் எனக்கு மூடிக்கொள்ளும். அதுவும் தெரிந்தது.

அந்தக் கடிகாரத்தின் ஊசலுக்கு ஓர் ஆட்டம் ஒரு நொடி. நான் முப்பது ஆட்டம் வரைக்கும் எண்ணினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முப்பது நொடி அந்த மனிதரைப் பைத்தியமாகவே உட்காரவிட்டேன்.

"சார் சொல்றது சரிதான்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அது ரெண்டு கம்மியாத்தான் அடிச்சிக்கினு இருந்திச்சி. போன வாரம் நான்தான் மாத்தி வெச்சேன்."

ஸ்டெல்லா கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது.

"யாரக் கேட்டுத் தொட்டீங்க?"

"யாரையும் கேக்கலம்மா. சார் பொறந்தநாளுன்னு..."

"எங்கப்பா செத்திருப்பாரு. தெரியுமா?"

"தெரியும்."

பூங்கொடி வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தோம். சார் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"அப்போ எனக்கு மூள நல்லாத்தான் கீது!"

"அப்பா..."

"அந்தக் கோழி கூட கூவலம்மா அன்னைக்கி. பால்காரன் வரல. இன்னாடா இதுன்னு யோசிச்சேன். கோழிய நம்பறதா, கடிகாரத்த நம்பறதா? டைம் கீப்பரு கோழிய நம்புவானா?" என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளித்தான் திருப்பினார், நான் நின்ற இடம் அதுவல்ல. "மல்லிகா, முப்பது வருசம் பஸ்ஸுக்கு டைம் போட்டவன் சொல்றேன், கேட்டுக்க. தெனம் அரமணி லேட்டா வர்ற வண்டியால ஒரு தொந்தரவும் கெடையாது. ஜனங்க அதுக்குத் தக்கன வந்து நிப்பாங்க. ஒருநா அது கரெக்ட் டைமுக்கு வந்துட்டுப் போயிட்சின்னு வெச்சிக்க, ஸ்டாண்டே கவுந்துடும்!"

"தப்பு பண்ணிட்டேன் சார்."

"பண்ணிட்ட. மாத்தி வெய்யி, பழைய மாதிரி."

"சரியா ஓடறத எதுக்குப்பா தப்பா மாத்தணும்?" என்றார் ஸ்டெல்லா.

"எனக்குத் தப்புதாம்மா மனப்பாடம். இந்த வயசுல புதுசா படிக்கச் சொல்றியா?"

நான் மரக்கூட்டை இழுத்தேன். ஐந்து மணிக்கு மூன்று அடிக்க வேண்டும். இந்தச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற வழி கிடையாது. முன்னால்தான் போக வேண்டும். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை ஓடவிட்டு, பிறகு ஒன்று, இரண்டு. கைக்குட்டையை எடுத்தேன்.

"துணி வெக்காத" என்றார் சார். துணி உரசுகிற சத்தம் கேட்டுவிட்டது. "இந்த வாட்டி எங்காதுக்குக் கேக்கட்டும். எண்ணிக்கறேன்."

ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். ஐந்து. ஆறு. ஏழு... பூங்கொடியின் மாமியார் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி ஆச்சு அந்தக் கடியாரத்துக்கு? பேய் புட்சிக்கிச்சா?" சார் விரலை மடக்கிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா சூட்கேஸ் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் உதடும் அசைவதைப் பார்த்தேன்.

"எழுபத்தொண்ணு" என்றார் சார் கடைசியில். "சரியா?"

தலையை ஆட்டினேன். பிறகு ஞாபகம் வந்து, "சரி சார்" என்றேன்.

அவ்வளவு அடித்ததில் மணிப் பக்கத்து எடை நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் முழுதாகச் சாவி கொடுத்தேன். ஸ்டெல்லா எடுத்த துணிகளைத் திரும்ப பீரோவில் வைக்கிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. ஐந்து மணிக்குக் கடிகாரம் மூன்று அடித்தது.

"அஞ்சு" என்றார் சார். யாரையும் கேட்கவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லா கேட் வரைக்கும் கூட வந்தார். இனிமேல் பூங்கொடி வந்த பிறகுதான் ஊசி என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். நல்லது என்றேன்.

"நீங்க சொல்லாமலே போயிருக்கலாம். சொன்னீங்க. அதுக்குத் தேங்க்ஸ்க்கா. அப்பா இங்கயே இருக்கட்டும்." கேட்டின் தாழ்ப்பாளை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். "ஆனா... இனிமே நீங்க வர வேணாம். சாவி பூங்கொடி குடுத்துக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு மெட்ராஸ்ல உக்காந்துக்கினு நிம்மதியா இருக்கணும் இல்ல?"

"சரிம்மா" என்றேன்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? நான் அவராக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மனதுக்குள்.

கூச்ச சுபாவிகளைப் பற்றி ஊரில் ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டு. யாருக்கும் தொந்தரவு தராதவர்கள் என்று. நானும் இத்தனை காலம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல், அடுத்தவர் வீட்டில் எது சரி எது தப்பு என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் கையை நீட்டுகிறார்கள். வாய்விட்டுச் சண்டை போடுகிறவர்கள் தேவலை.

என்னைப் போன்றவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்... கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு வரிதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் பூங்கொடி போன் செய்தாள். சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எத்தனை சுற்று என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.